உப்பின் மேல் போட்ட பழி

கீழ்க்கட்டளை தையல்நாயகிக்குச் சிட்டிபாபு பதினோராயிரத்து முந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். அப்படி ஒரு கடன் இருப்பது அவளுக்கே தெரியாது. அவளிடம் இவர் கைநீட்டி வாங்கியதும் இல்லை. இருந்தாலும் இரண்டாயிரத்து நாலாம் வருஷம் வைகாசியில் தொடங்கி ஆவணி பிறக்கும் வரைக்கும் அந்தத் தொகை அவர் தொண்டையில் மீன்முள் மாதிரி குறுக்கே நின்றது. சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை.

சிட்டிபாபு சாதாரண ஆள் இல்லை. மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சைக்கிளின் இரண்டு பக்கமும் குடம் கட்டிப் பல்லாவரம் டீக்கடைகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர். அப்புறம் மீன்பாடி வண்டி. அப்புறம் எவனோ கழித்துப்போட்ட லாரியை வாங்கி, அதன் முதுகில் தொட்டி ஏற்றினார். ஒன்று மூன்றானது. கோவிலம்பாக்கத்தில் முன்பு நெல் விளைந்த நிலத்துக் கிணறு ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்தார். மாடி வீடு, இரண்டு பெண்களுக்கும் நகை போட்டுக் கல்யாணம் எல்லாம் அந்தக் கிணற்றிலிருந்து இறைத்ததுதான். அப்பன் வைத்துவிட்டுப் போனது என்று ஒரு செங்கல் கிடையாது. அந்த வருஷம் மழை பொய்த்து ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, டை கட்டிய ஆட்களெல்லாம் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு கேட்டருகே நின்று, "சார், இன்னிக்கு எப்படியாவது ஒரு லோடு" என்று கெஞ்சினார்கள். பல் துலக்கிக்கொண்டே பதில் சொல்லும் சுகம் அவருக்கு வாய்த்திருந்தது.

"தண்ணியப் பத்தி எனக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேணாம்" என்பார். உண்மையில் யாரும் எடுக்கவும் இல்லை. வினையே அதுதான்.

லாரித் தண்ணீருக்கு ஒரு வழக்கம் உண்டு. கிணற்றடியில் தொட்டி நிரம்பியதும் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து மேலே இருக்கும் மூடியைத் திறந்து ஊற்ற வேண்டும். கிருமி சாவதற்கு ஒரு அளவு இருக்கிறது. ஆனால் கிருமியை யார் பார்த்தார்கள்? பிளாட்டில் இருக்கிறவர்களுக்கு மூக்குதான் சாட்சி. குழாயைத் திறந்ததும் சுருக்கென்று வாசனை வந்தால் நல்ல தண்ணீர். வராவிட்டால் ஏரித் தண்ணீரை மொண்டு வந்துவிட்டான் என்று போன் பறக்கும். அதனால் சிட்டிபாபு பவுடரை வாசனைக்காகப் போட்டார். அளவு, ஒரு கொட்டாங்குச்சி. மூக்கு கூர்மையான இடத்துக்கு இரண்டு.

அன்றைக்கு அஸ்தினாபுரத்தில் ஒரு பிளாட்டிலிருந்து காலையிலேயே ஏச்சு வந்திருந்தது. முந்தின லோடில் வாசனையே இல்லையாம். சிட்டிபாபுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. டிரைவர் தனசிங்கைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானே ஏணியில் ஏறி, கணக்குப் பார்க்காமல் நாலைந்து கொட்டாங்குச்சி அள்ளிக் கரைத்து ஊற்றினார். கண் எரிந்து, மேல்துண்டால் துடைத்துக்கொண்டுதான் கீழே இறங்கினார்.

லாரி போனது. ஆனால் அந்த பிளாட்டில் தரைக்கடியிலிருக்கும் சம்ப்புத் தொட்டி பாதிக்கு மேல் பிடிக்கவில்லை. மீதி அரை லோடோடு தனசிங் போன் செய்தான். அதே நாளில் கீழ்க்கட்டளையில் தையல்நாயகி அரை லோடு கேட்டுவைத்திருந்தாள். கேட்கும்போதே ஒன்று சொல்லியிருந்தாள். "எனுக்குப் பவுடர் போடாத தண்ணியாக் குடுண்ணா. மீனுக்கு ஊத்தறது."

சிட்டிபாபுவுக்கு அது ஞாபகம் இருந்தது. மறந்துபோனார் என்று சொன்னால் பொய். கிணற்றடியில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, பின்னால் இரண்டு லாரி காத்துக்கொண்டிருந்தது. இருக்கிற தண்ணீரைத் தெருவில் திறந்துவிட்டால் முந்நூறு ரூபாய் சாக்கடையில் போகும். மனுஷன் குடிக்கிற தண்ணீரில் மீனுக்கு என்ன வந்துவிடப் போகிறது? பேசாமல் கொண்டுபோய் இறக்கு என்று தனசிங்கிடம் சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்தார்.

தையல்நாயகி கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். கூடை தூக்கி மீன் விற்றவள், கால் மூட்டு தேய்ந்தபின் மகளிர் குழுவில் லோன் எடுத்து வீட்டுக்குப் பின்னால் சிமென்டு தொட்டி கட்டி கலர் மீன் வளர்த்தாள். கோல்டு, மோலி, கப்பி என்று கண்ணாடித் தொட்டியில் விடுகிற மீன்கள். மகன் குணா காசிமேட்டு போட்டில் கடலுக்குப் போய்விடுவான். வந்தால் நாலு நாள் தங்குவான். மாமியாருக்குத் துணை மருமகள் வெண்ணிலாதான். கிணறு வற்றும் வரை சொந்தக் கிணற்று நீரிலேயே மீன் வளர்த்ததால், தண்ணீரை ஆறப்போட்டு ஊற்றும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. லாரி வந்தபோது தையல்நாயகி குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். வெண்ணிலா எல்லாத் தொட்டியிலும் ட்யூபைப் பிடித்து நிரப்பினாள். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் கல்லுப்புப் போடுவது அந்த வீட்டு வைத்தியம். அவள் தெருமுனைக் கடையில் இரண்டு பாக்கெட் உப்பு வாங்கி வந்து எல்லாத் தொட்டியிலும் அள்ளிப் போட்டாள்.

விடிந்தபோது தொட்டி முழுக்கச் செம்பருத்திப் பூவைக் கொட்டினாற்போல மீன்கள் மிதந்தன. வியாபாரி வந்து எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்த நாள் அது. பதினோராயிரத்துக்குப் பேசி முடித்த சரக்கு.

சிட்டிபாபுவை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். போகும்போதே முந்தின நாள் இறக்கச் சொன்ன அரை லோடு ஞாபகம் வந்தது. ஆனால் தெருவே கூடி நின்றதைப் பார்த்ததும் பழைய மிடுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. நேற்று தண்ணீரில் பவுடர் வாடை அடித்ததாகவும், உப்புப் போடுவதற்கு முன்பே மீன்கள் திணறியதாகவும் வெண்ணிலா அழுதுகொண்டே சொன்னாள். சிட்டிபாபு வேட்டியை மடித்துக் கட்டினார். தொட்டியில் கையை விட்டு, செத்த மீனை ஒதுக்கிவிட்டு, ஒரு கை தண்ணீர் மொண்டு எல்லாரும் பார்க்கக் குடித்தார். திறந்த தொட்டியில் ராத்திரியெல்லாம் கிடந்ததில் வாடை பறந்துபோயிருந்தது. நாக்கில் பட்டது உப்பு மட்டும்தான்.

"எம் தண்ணியில வெசம் இருந்தா நான் இங்கியே உயுந்துட்டிருப்பேன்" என்றார். "கடல் தண்ணியாட்டம் கரிக்குதே தையலு. இம்மாம் உப்பக் கொட்டுனா நல்ல தண்ணி மீன் எப்படிப் பொயைக்கும்?"

அவ்வளவுதான். பெரிய மனுஷன் குடித்துக் காட்டிவிட்டார். அதற்கு மேல் ஒரு சின்னப் பெண்ணின் பேச்சு எடுபடுமா? அரை லோடுக்கான முந்நூறையும் தையல்நாயகி அங்கேயே கொடுத்தாள். அதையும் வாங்கி மேல்பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரத்திலேயே மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு முற்றியது. கரையிலிருந்த குணாவும் அம்மா பக்கமே பேசினான். வெண்ணிலா தன் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அனகாபுத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தெருவில் அவளுக்கு உப்புக்காரி என்று பெயர் விழுந்தது. சிட்டிபாபுவின் லாரியில் ஏறும் கிளீனர்கூட அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தான்.

சிட்டிபாபு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: உப்பாகவும் இருக்கலாம் அல்லவா? இருக்கலாம். யார் கண்டது? ஏணியில் ஏறிக் கொட்டியபோது எரிந்த கண்ணுக்குத் தெரியும். அதை மட்டும் அவர் யோசிக்காமல் தள்ளிவைத்தார்.

ஆனி மாதம் அஸ்தினாபுரத்து பிளாட்டிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை வாசனை போதவில்லை என்று இல்லை, தாங்கவில்லை என்று. செக்ரட்டரியாகப் புதிதாக வந்திருந்தவர் ஸ்ரீரங்கன், காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். அவர் கோபிக்கவில்லை. லாரித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, ஒரு மருந்தை இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் மஞ்சளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சுக்குத் திரும்பியது. லேசாக மஞ்சள் தட்டினால் போதும், இது குடிக்கிற தண்ணீரா துணி வெளுக்கிற தண்ணீரா என்று கேட்டார்.

வேறு நாளாக இருந்தால் சிட்டிபாபு ஒரு பாட்டம் பேசியிருப்பார். அன்றைக்குச் சம்ப்பு மூடி மேல் உட்கார்ந்துவிட்டார். தெரிந்தவர் வீட்டில் நடந்ததாக மீன் கதையைச் சொன்னார். உப்புத்தானே கொன்றிருக்கும் என்று கேட்டார். கேட்கும்போது, ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று மனசு கெஞ்சியது.

"உப்பிலேயும் குளோரின்தான் இருக்கு, பிளீச்சிங் பவுடரிலேயும் குளோரின்தான் இருக்கு" என்றார் ஸ்ரீரங்கன். "உங்களுக்கு வியாபாரத்திலேயே சொல்றேன். சோடியம்னு ஒருத்தன், குளோரின்னு ஒருத்தன். சோடியம்கிட்ட ஒரு எலக்ட்ரான் உபரி. குளோரினுக்கு ஒண்ணு குறையுது. இவன் குடுத்தான், அவன் வாங்கிண்டான், ரெண்டு பேரும் அடங்கிட்டா. அதான் உப்பு. நம்ம ரத்தத்தில இருக்கு, கண்ணீர்ல இருக்கு, யாரையும் ஒண்ணும் பண்ணாது. பவுடர்ல இருக்கறவனுக்கு இன்னும் பசி தீரலை. எதைத் தொட்டாலும் அதுகிட்டேர்ந்து பிடுங்குவான். கிருமிகிட்டே பிடுங்கினா நமக்கு நல்லது. மீனோட செவுள்ல பிடுங்கினா?"

செவுள் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொன்னார். மீன் தண்ணீரைக் குடித்து மூச்சு விடுவதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைச் செவுள் வழியாக ரத்தம் எடுத்துக்கொள்கிறது. அங்கே ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது வெங்காயத் தோலை விட மெல்லிய தோல். மனுஷன் குடித்தால் வயிற்றில் இருக்கிற சரக்கோடு மோதியே அந்தக் குளோரின் அடங்கிப்போகும். மீனுக்கு நேராக ரத்தத்தின் வாசலிலேயே போய் நிற்கும், தோல் வெந்துவிடும், சுற்றிலும் காற்று கரைந்த தண்ணீர் இருந்தும் மூச்சு முட்டிச் சாகும்.

"அப்ப உப்பு?" என்றார் சிட்டிபாபு.

நல்ல தண்ணீர் மீனின் உடம்புக்குள் உப்பு கூடுதல், வெளியே கம்மி. அதனால் வெளித்தண்ணீர் எந்நேரமும் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், மீன் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் என்றார் ஸ்ரீரங்கன். செவுள் புண்ணாகிவிட்டால் இன்னும் வேகமாகப் புகும். வெளியே கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தப் பாரம் குறையும்.

"அந்தப் பொண்ணு போட்ட உப்புனால கொஞ்ச நேரம் கூடத் தாங்கியிருக்கும், பாவம். தண்ணிய ரெண்டு நாள் வெயில்ல திறந்து வெச்சிருந்தா குளோரின் போயிருக்கும். இல்லேன்னா போட்டோ கழுவற ஹைப்போ ஒரு சிட்டிகை. யாரோ ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

அந்த யாரோ ஒருத்தர் சம்ப்பு மூடியிலிருந்து எழுந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் வெளியே வந்தார். எத்தனையோ ஆயிரம் லோடு ஓட்டியவர், தன் லாரியில் என்ன ஓடுகிறது என்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு சிட்டிபாபு செய்தது எல்லாம் கோணல் வேலை. ஸ்ரீரங்கனிடம் திரும்பிப் போய்ப் பவுடருக்கு அளவு கேட்டு வாங்கிக்கொண்டார். அது ஒன்றுதான் நேரான வேலை. தையல்நாயகிக்குப் பவுடர் இல்லாத தண்ணீராக அனுப்பிக் காசு வேண்டாம் என்றார். காலித் தொட்டிக்கு எதற்கு ஓசித் தண்ணீர் என்று அவள் லாரியைத் திருப்பிவிட்டாள். தனசிங்கிடம் பணத்தைக் கொடுத்து, குழுவில் அவள் லோனுக்குக் கட்டிவிட்டு, யாரோ கட்டச் சொன்னதாகச் சொல் என்றார். அவன் பணத்தைத் தொடவில்லை. அன்றைக்கு ஓட்டிக்கொண்டு போனவன் அவன்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். "எங்கையால ஒரு தபா எறக்குனது போதும் மொதலாளி" என்றான். லாரிகள் ஓடின, பணம் வந்தது. அவருக்கு மட்டும் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் கரித்தது. வீட்டுக்காரி பானையை மாற்றிப் பார்த்தாள்.

ஆடி கழிந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தையல்நாயகி அவர் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பேத்தியைப் பார்க்காமல் வீடு பாழடைந்து கிடப்பதாகச் சொன்னாள். குணாவும் கரைக்கு வந்தால் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். ஆடிக்குத் தாய்வீடு போன பெண்ணை ஆவணியில் அழைத்துவரப் போவது முறைதானே. அந்தச் சாக்கில் கூட்டிவந்துவிடலாம். ஆனால் தானாகப் போய் நிற்க அவளுக்குக் கௌரவம் இடித்தது.

"நீ வாண்ணா. நீ சொன்னா சபைக்கு அயகு. தெரியாம பண்ண தப்பு, எல்லாம் மன்னிச்சாச்சு, வாம்மான்னு அவகிட்ட நீயே ஒரு வார்த்த சொல்லிடு."

 அவள் மன்னிப்பை வெண்ணிலாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சிட்டிபாபுவா? வராமல் இருக்க ஆயிரம் காரணம் சொல்லியிருக்கலாம், லாரியை எஃப்.சி. சோதனைக்குக் காட்ட வேண்டும், டாக்டரிடம் போக வேண்டும். வரேன் என்றார். மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து பணத்தை எடுத்து மேல்பையில் வைத்துக்கொண்டு, தாம்பூலத் தட்டோடு நின்ற தையல்நாயகியின் பின்னால் ஆட்டோவில் ஏறினார். குரோம்பேட்டை தாண்டும் வரை, கொடுத்துவிடுவேன் என்று நினைத்தார். பம்மல் வந்தபோது, எதற்கு, அந்தப் பெண் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமே என்று நினைத்தார்.

வெண்ணிலாவின் அம்மா அஞ்சம்மாள் அனகாபுத்தூர் மார்க்கெட்டில் மீன் விற்பவள். அன்றைக்கு வியாபாரத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். பாய் விரித்தாள், குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னாள், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். வெண்ணிலா கதவோரம் நின்றாள். இளைத்திருந்தாள். குழந்தை பாட்டியைப் பார்த்ததும் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டது. தையல்நாயகி அதன் தலையில் முகத்தை வைத்தபடியே சிட்டிபாபுவைப் பார்த்தாள். பேசு என்று அர்த்தம்.

சிட்டிபாபு தொண்டையைச் செருமினார். எத்தனையோ பஞ்சாயத்தில் பேசிய குரல். "தெரியாம நடந்து போச்சு..." என்று ஆரம்பித்தார். வெண்ணிலா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அந்தக் குனிதலைப் பார்த்தார். செய்யாத தப்புக்கு அந்தப் பெண் மன்னிப்பை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"தெரியாம இல்ல" என்றார். "தெரிஞ்சுதான். பவுடரு நான் போட்டது. மிச்சம் பட்ட அரை லோட உன் தலையில கட்னதும் நானு. முந்நூறு ரூவாய்க்கு. உப்பு ஒண்ணும் பண்ணலம்மா. நீ போட்ட உப்புலதான் அதுங்க கொஞ்ச நேரமாவது இருந்துச்சு."

 வெளியே குழாயடியில் குடம் இடிக்கும் சத்தம் கேட்டது. தையல்நாயகி குழந்தையைக் கீழே இறக்கினாள்.

"அன்னிக்குக் குடிச்சியேண்ணா" என்றாள். "எம் எதிர்லயே மொண்டு குடிச்சியே."

"குடிச்சேன். மனுசன் குடிச்சா ஒண்ணும் ஆவாது."

"மனுசன் குடிச்சா ஆவாதா?" என்று அஞ்சம்மாள் அப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பினாள். "நீ இன்னா மீனா? ஒனக்குச் செவுளு கீதா? என் பொண்ண உப்புக்காரி உப்புக்காரின்னு ஊரே கூப்ட்டுச்சே, அது கேக்கக் காதாவது இருந்துச்சா?"

இருந்தது என்று சொன்னார் சிட்டிபாபு. அந்தப் பெயர் தன் லாரியிலேயே ஓடியது என்றும், கேட்டும் சும்மா இருந்தேன் என்றும் சொன்னார். ஸ்ரீரங்கன் சொன்னதையெல்லாம் தனக்குத் தெரிந்த மாதிரி சொல்லப் பார்த்தார். பசி அடங்கிய குளோரின், அடங்காத குளோரின் என்று. பாதியில் நிறுத்திக்கொண்டார். யாருக்கும் அது இப்போது வேண்டியிருக்கவில்லை. பையிலிருந்த பணத்தை எடுத்துத் தையல்நாயகி பக்கம் நீட்டினார்.

அவள் கையை மடியை விட்டு எடுக்கவில்லை. தாம்பூலத் தட்டை மருமகள் பக்கம் தள்ளிவைத்தாள். "நானும் உன்ன நம்பல வெண்ணிலா" என்றாள், தட்டைப் பார்த்தபடியே. அப்புறம் சிட்டிபாபுவிடம், "எனுக்கு வாணாம். அவ கையில எண்ணு. அவ பார்த்து எனுக்கு மீன் வாங்கித் தரட்டும்" என்றாள்.

வெண்ணிலா நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. கொடியில் காயும் பாப்பாவின் பாவாடையை எடுத்துப் பையில் வைக்கும்படி அம்மாவிடம் சொன்னாள். அஞ்சம்மாள் முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் போனாள். தையல்நாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதன்பிறகுதான் வெண்ணிலா முன்னால் வந்து, சிட்டிபாபுவின் எதிரில் உட்கார்ந்து, வலது கையை விரித்து நீட்டினாள். தொட்டி தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போயிருந்த கை.

சிட்டிபாபு எண்ணினார். மடித்த கட்டைப் பிரித்து ஐந்நூறு ஐந்நூறாக, வாய்விட்டு, இருபத்திரண்டு தாள். பதினோராயிரம். அதன்மேல் மூன்று நூறு, அரை லோடுக்கு. மேல்பை காலியானது. எழுந்திருக்கப் போனார்.

அவள் கை மடங்கவில்லை.

"உப்புக் காசு?" என்றாள் வெண்ணிலா.

அவர் புரியாமல் பார்த்தார்.

"ரெண்டு பாக்கெட்டு, பெரியப்பா. மூணு மூணு ரூவா. அதுவும் எங்காசுதான்."

மூன்று லாரிக்குச் சொந்தக்காரர் மேல்பையைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார். ஆட்டோவுக்கு என்று வைத்திருந்த சில்லறை இடுப்பில் இருந்தது. அதைப் பாயில் கொட்டி, ரூபாய் நாணயமாகப் பொறுக்கி எடுத்தார்.  விரித்த உள்ளங்கையில் நோட்டுகளுக்கு மேல் ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. கடைசிக் காசை வைப்பதற்குள் அவருக்குக் கண் மறைத்தது. தடவிப் பார்த்துத்தான் வைத்தார், ஆறு.